முதல் பந்து பிடிக்கும் வீடு

அன்று காலை தின்கன்ஜூன் மைதானத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், பொன்னுத்துரை, கதிர்வேல் கால்பந்துக் கழகத்தைத் தொடங்கிய கார்த்திகேசனின் மூத்த மகன். என் மனைவி தைலம்மாள். நகரத்தின் லத்தா பேட்டையில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் விஸ்வநாதன். அவர் மகள் அர்ச்சனா. பயிற்சியாளர் ஷம்சுதீன். அணித் தலைவன் ஜோ மின், அவனோடு ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டாலாவிலிருந்து படகேறி வந்த மற்ற ஆட்டக்காரர்கள். எதிரணியினர், நடுவர். கற்பூரம் ஏற்ற வந்த கோயில் பண்டாரம். மதிலோரம் வழக்கமாக நின்று வேடிக்கை பார்ப்பவர்கள், அவர்களுக்கு அவித்த கடலை விற்கும் பர்மாக்காரி. கமிட்டியில் இருக்கும் தனசேகரன் அன்று வரவில்லை. முழங்கால் வீங்கி வீட்டில் படுத்திருந்தார். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கதிர்வேல் பெரிய கழகம் இல்லை. பர்மா தேசிய லீக்கில் எங்களுக்கு இடமில்லை. சம்மேளனத்தின் எந்தப் பிரிவிலும் பெயர் பதிவாகவில்லை. நகரத்தின் கிழக்குப் பகுதிக் கழகங்கள் சில தங்களுக்குள் சேர்ந்து நடத்தும் லீக்கில் ஆடுகிறோம். எங்கள் ஆட்டக்காரர்கள் வாரம் முழுக்க வேறு வேலை பார்க்கிறவர்கள்: பஸ் கண்டக்டர், வெல்டர், ஓட்டல் சமையற்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆடினால் பேட்டா உண்டு, ஆட்டம் முடிந்ததும் ஒரு கிண்ணம் மொய்ங்கா, மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. சும்மா ஆடுகிறவர்கள் என்றும் சொல்ல முடியாது. என் அப்பா துறைமுகத்தில் பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து கோல் காத்தவர். கையுறை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

அவர் காலத்தில் உண்டான ஒரு வழக்கம்தான் இந்தக் கதைக்குக் காரணம். மழைக்காலம் முடிந்து லீக் தொடங்கும் நாளன்று, ஆட்டத்துக்கு முன்னால், பந்தைச் சுற்றிக் கற்பூரம் காட்டுவார்கள். எலுமிச்சம்பழத்தை மிதித்து நசுக்குவார்கள். பிறகு எங்கள் வீட்டு மூத்த ஆண் வெறுங்கையோடு கோலில் நிற்பார். கழகத்து கேப்டன் பந்தை அடிப்பான். நிற்பவர் அதைப் பிடித்து, இரு கண்ணிலும் ஒற்றி, கேப்டன் கையில் கொடுப்பார். அந்தப் பந்தில்தான் ஆட்டம் நடக்கும். இதற்கு முதல் பந்து என்று பெயர். கோயிலில் முதல் மரியாதை எந்த வீட்டுக்கு என்பது எப்படியோ, கழகத்தில் முதல் பந்து அப்படி. அப்பா இருந்தவரை அவர் நின்றார். அவருக்குப் பிறகு நான் நிற்கிறேன். எங்கள் வீட்டைத் தாண்டி ஒரு முதல் பந்தும் வலைக்குள் போனதில்லை. போனால் அந்த ஆண்டு கழகம் உருப்படாது என்பார்கள்.

எனக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் சிங்கப்பூரில், இளையவன் சென்னையில். இருவரும் திரும்பி வரப்போவதில்லை. விஸ்வநாதனுக்கு ஒரே மகள். அவள் இங்கேயே இருக்கிறாள். இதையும் சொல்லிவிட வேண்டும்.

தொற்றுநோய் வந்த ஆண்டில் மைதானத்தைப் பூட்டினார்கள். அதற்கடுத்து நாட்டில் நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. இரண்டு மழைக்காலம் யாரும் பந்தைத் தொடவில்லை. கோல் கம்பத்தில் பாகற்கொடி ஏறியது. எங்கள் பையன்களில் பாதிப்பேர் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரத் தயங்கினார்கள். நான் கழகத்தின் மஞ்சள் சட்டைகளைத் துவைத்து, அந்துருண்டை போட்டு, தகரப்பெட்டியில் வைத்தேன். தகுதியான பதினொரு பேர் கிடைக்காமல் கதிர்வேல் களத்தில் இறங்காது என்று தலைவர் என்ற முறையில் முடிவு செய்தேன். அரைகுறை அணியை இறக்கித் தோற்பதைவிட இறங்காமல் இருப்பது மேல். மானம் உள்ளவன் அப்படித்தான் நினைப்பான்.

அந்த நேரத்தில்தான் ஷம்சுதீன் அர்ச்சனாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஷம்சுதீன் டாக்ஸி ஓட்டுகிறவன். அவன் வாப்பா என் அப்பாவுக்கு முன்னால் பின்களத்தில் நின்று ஆடியவர். அர்ச்சனாவை அதற்கு முன் நான் கோயிலில் பார்த்ததோடு சரி. பெண்கள் அணி ஒன்றில் ஆடிய பெண் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"தாத்தா, சட்டைப் பெட்டி வேணும்," என்றாள். "டீம் சேந்திருச்சு."

"எந்த டீம்?"

"நம்ம டீம்தான். டாலாப் பசங்க. காத்து மாதிரி ஓடுறானுங்க."

"டாலாவுல யாரு? சைக்கா ரிக்ஷா மிதிக்கிறவனா?"

"அவனுங்கதான் அண்ணே," என்றான் ஷம்சுதீன். "படகுத்துறையில நாள் முழுக்க ரெண்டு ஆள வச்சு சைக்கா மிதிக்கிறான். தொட எப்படி இருக்கும்னு பாத்துக்கங்க. தொண்ணூறு நிமிஷம் அவனுக்கு ஒரு சவாரி."

"கார்த்திகேசன் ஆரம்பிச்சது கழகம், ஷம்சுதீன். சைக்கா ஸ்டாண்டு இல்ல."

சமையற்கட்டிலிருந்து தைலம்மாளின் குரல் வந்தது. "உங்கப்பா மட்டும் கப்பலுக்கு கேப்டனாவா இருந்தாரு? மூட்டதான தூக்குனாரு."

அர்ச்சனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நான் பெட்டியைக் கொடுக்கவில்லை. அவள் கோபப்படவும் இல்லை. "சரி தாத்தா, நாங்க புதுசா அடிச்சுக்கிறோம். நீங்க வந்து பாத்தா போதும்," என்று காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

புதுச் சட்டை வந்தது. அதே மஞ்சள்தான். ஆனால் நெஞ்சில் இருந்த வேல் தோள்பட்டைக்குப் போய்விட்டது. நெஞ்சுக்கு நடுவே விஸ்வநாதனின் பருப்புக் கடைப் பெயர், பர்மிய எழுத்தில், தட்டு அளவுக்கு. விஸ்வநாதனின் முன்னோர் வட்டிக்கடை வைத்து வந்த செட்டியார்கள். என் தாத்தா கப்பலின் அடித்தட்டில் வந்தார். அதே கப்பலில் விஸ்வநாதனின் தாத்தா மேல்தட்டில் நாற்காலி போட்டு வந்திருப்பார். அதற்காக நான் அவர்களைக் குறை சொன்னதில்லை. ஆனால் கால்பந்து மட்டும் அடித்தட்டில் வந்தவர்களுடையது. இந்த நகரத்தில் செட்டியார்களுக்கு வீடு இருந்தது, நிலம் இருந்தது, கோயில் இருந்தது. எங்களுக்கு இரண்டு கம்பமும் ஒரு வலையும் இருந்தன. அதிலும் வந்து நிற்க வேண்டுமா?

முதல் சில ஆட்டங்களுக்கு நான் போகவில்லை. மைதானத்துக்கு எதிரே மருந்துக்கடை ஒன்று இருக்கிறது. அங்கே இரத்த அழுத்தம் பார்க்கும் சாக்கில் உட்கார்ந்து, மதிலின் உடைந்த பகுதி வழியாகப் பார்த்தேன். நன்றாகத் தோற்றார்கள். பந்து எங்கள் வலைக்குள் போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

"ஜெயிச்சுட்டாங்களா?" என்று கேட்டாள் தைலம்மாள்.

"நான் எங்க பாத்தேன்? பிரஷர் பாக்கப் போனேன்."

"எவ்வளவு இருந்துச்சு?"

"எது?"

"பிரஷர்."

சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

பிறகு ஜெயிக்க ஆரம்பித்தார்கள். ஜோ மின் என்ற பையன் இடதுபக்கமாக ஓடத் தொடங்கினால் எதிரணிப் பின்களத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். உண்மையிலேயே சைக்கா மிதிக்கிற கால்தான். ஒவ்வொரு கோலுக்கும் மதிலோரக் கூட்டம் கூவியது. கூட்டமும் பெருகியது. என் தலைமையில் மூன்று வரிசை ஆள் நின்றால் அது பெரிய ஆட்டம். இப்போது மரத்தின் மேலும் ஆள். அர்ச்சனா கைப்பேசியில் ஆட்டத்தைப் படமெடுத்து நேரடியாக அனுப்பினாள். சிங்கப்பூரிலிருந்து என் மகன் கூப்பிட்டு, "அப்பா, நம்ம டீம் சூப்பரா ஆடுது. நீங்க ஏன் ஸ்கிரீன்ல வரவே மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டான். மதில் பொந்தில் இருக்கிறவன் திரையில் எப்படி வருவான்?

போன ஆண்டு கோப்பையை எடுத்தார்கள். என் தலைமையில் இரண்டாம் இடம் வரைதான் வந்திருக்கிறோம். பரிசளிப்பின்போது ஷம்சுதீன் தெருவைத் தாண்டி மருந்துக்கடைக்கே வந்துவிட்டான். நான் அங்கே இருப்பது அவனுக்கு எப்போதிலிருந்தோ தெரிந்திருக்கிறது.

"அண்ணே, போட்டோ எடுக்கிறோம். வாங்க."

"எனக்கு வேல இருக்கு."

அவன் தயங்கி நின்றான். பிறகு போய்விட்டான். இரண்டாவது தடவை கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். மரியாதை தெரிந்தவன் இரண்டு தடவை கூப்பிடுவான். அந்தப் படம் இப்போது கோயில் மண்டபத்துச் சுவரில் இருக்கிறது. நடுவில் கோப்பையோடு விஸ்வநாதன். பையன்கள் அவரை ஊ விசு என்று கூப்பிடுகிறார்கள், சொந்த மாமனைக் கூப்பிடுவதுபோல. என்னை அவர்கள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் யாரென்றே பாதிப்பேருக்குத் தெரியாது.

இந்த ஆண்டு லீக் தொடங்கும் முன் மண்டபத்தில் கமிட்டி கூடியது. விஸ்வநாதன், ஷம்சுதீன், தனசேகரன், அர்ச்சனா, நான். அந்தப் படம் மாட்டிய சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

தனசேகரன் தொண்டையைச் செருமினார். என் வயதுக்காரர். எந்தப் பக்கம் வெயில் அடிக்கிறதோ அந்தப் பக்கம் பாயை விரிக்கிறவர்.

"முதல் பந்து விஷயம்," என்றார். "மூணு வருஷமா அது இல்லாமலே லீக் ஆரம்பிச்சிட்டோம். இந்தத் தடவ முறையா செய்யணும்னு செட்டியார் ஆசப்படுறாரு."

"செய்யலாமே. நான் நிக்கிறேன்."

தனசேகரன் விஸ்வநாதனைப் பார்த்தார். விஸ்வநாதன் சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார். அவர் சிரிக்காத முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே, உங்களுக்கு எதுக்குச் சிரமம்? கம்பத்துக்குப் பக்கத்துல நல்ல நாற்காலியா போட்டு உக்கார வைக்கிறோம். பரிவட்டம் கட்டுறோம், மால போடுறோம். உங்க சார்பா நான் நிக்கிறேன். பந்தப் புடிச்சு உங்க கையிலதான் குடுப்பேன்."

"மாப்பிள்ளைக்குப் பதிலா தோழன் தாலி கட்டலாமா, செட்டியார்?"

தனசேகரன் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். விஸ்வநாதனின் சிரிப்பு மட்டும் மாறவில்லை. "அப்படி இல்லண்ணே. கழகத்துக்கு நாங்களும் கொஞ்சம் செஞ்சிருக்கோம். ஒரு மரியாத எங்க வீட்டுக்கும் வேணும்னு பசங்களே சொல்றாங்க."

"பருப்ப நெஞ்சுல ஒட்டிக்கிட்டீங்க. நெஞ்சுல இருந்த வேல தோளுக்குத் தள்ளுனீங்க. கோலுக்குள்ளயும் வரணுமா?"

அப்போது ஷம்சுதீன் குறுக்கிட்டான். நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். "அண்ணே, ரெண்டு வேல இருக்குல்ல? ஒருத்தர் அடிக்கிறது, ஒருத்தர் புடிக்கிறது. புடிக்கிறது உங்க வீடு, அதுல மாத்தமில்ல. அடிக்கிறத செட்டியார் வீட்டுக்குக் குடுத்துருவோம். அர்ச்சனா அடிக்கட்டும்."

எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. கோயிலில் இரண்டு வீட்டுக்குச் சண்டை வந்தால் இப்படித்தான் தீர்ப்பார்கள்: ஒருவருக்கு வடம், ஒருவருக்குக் குடை. ஆனால் வடமும் குடையும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதில்லை. இங்கே ஒருவர் அடிக்க வேண்டும், எதிரே ஒருவர் நிற்க வேண்டும். கேப்டன் அடித்தவரை அது கழகம் தன்னைத் தொடங்கிய வீட்டுக்குப் பந்தைக் கொடுப்பது. இன்னொரு வீடு அடித்தால் அது போட்டி. இது எங்களில் ஒருவருக்கும் அன்று தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இடம் கிடைத்த நிம்மதியில் சம்மதித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு கைகளைப் பார்த்தேன். வலது கைச் சுண்டுவிரல் காலையில் மடங்காது. பழைய பந்து ஒன்றைத் தேடியெடுத்துத் தைலம்மாளிடம் கொடுத்தேன்.

"எறி."

"எதுக்கு?"

"எறின்னா எறி."

பின்கட்டில், துணிக்கொடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் நான் நின்றேன். கையில் அரிசி முறத்தோடு இருந்தவள் அதைக் கீழே வைத்துவிட்டு எறிந்தாள். பிடித்தேன். மறுபடி எறிந்தாள். அதையும் பிடித்தேன்.

"இப்பிடியா ஒருத்தன் அடிப்பான்? கொஞ்சம் பலமா."

அவள் புடவையைச் செருகிக்கொண்டு பலமாகவே எறிந்தாள். பந்து என் காதோரம் போய்த் தொட்டிக்குள் விழுந்தது.

"அந்தப் பொண்ணு ஆடுன பொண்ணுங்க," என்றாள், முந்தானையால் முகத்துத் தண்ணீரைத் துடைத்தபடி. "நான் மாவு பெசையிறவ. எதுக்கு உங்களுக்கு இது? நாற்காலியில உக்காந்தா கொறஞ்சா போயிருவீங்க?"

"அந்த ஆளு என் எடத்துல நிப்பான். நான் நாற்காலியில உக்காந்து பாக்கணுமா?"

அவள் அரிசி முறத்தை ஓரமாக நகர்த்தினாள். பிறகு தொட்டியிலிருந்து பந்தை எடுத்து, "சரி, நில்லுங்க," என்றாள். லீக் தொடங்கும்வரை தினமும் காலையில் எறிந்தாள். கிண்டல் செய்துகொண்டேதான் எறிந்தாள், ஆனால் ஒரு நாளும் நிறுத்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தின நாள் பெய்த பின்மழையால் கோலுக்கு முன் தரை சொதசொதவென்று இருந்தது. சிவப்புக் கரை வேட்டி கட்டிக்கொண்டு போனேன், அப்பா முதல் பந்துக்குக் கட்டும் அதே மாதிரி வேட்டி. செருப்பைக் கம்பத்தடியில் விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, கோட்டின்மேல் நின்றேன். பண்டாரம் கற்பூரம் காட்டினார். ஜோ மின் எலுமிச்சம்பழத்தை மிதித்தான். அவனுக்கு அது எதற்கென்று தெரியாது, ஆனால் சரியாக மிதித்தான். டாலாப் பையன்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். நான் யாரென்று ஷம்சுதீன் பர்மியத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். கழகத்தைத் தொடங்கியவரின் மகன் என்று சொன்னபோது சிலர் கைகட்டிக்கொண்டார்கள். எனக்கு நன்றாக இருந்தது. மூன்று ஆண்டுகளில் அந்த மைதானத்தில் எனக்கு நன்றாக இருந்த நேரம் அதுதான்.

அர்ச்சனா பந்தை வைத்தாள். மஞ்சள் சட்டை, காலில் பூட்ஸ். எல்லைக்கோட்டுக்கு வெளியே விஸ்வநாதன் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் நாற்காலி, அவர் குடை, அவர் பிளாஸ்க். கை இரண்டையும் வாயருகே குவித்துக்கொண்டு எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"மெதுவா தட்டிவிடும்மா. பெரியவருக்கு வயசாச்சு, கை ஒடைஞ்சிரப் போவுது."

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்களுக்கு யாரோ பர்மியத்தில் சொல்ல, அவர்கள் தாமதமாகச் சிரித்தார்கள். இரண்டு தடவை சிரிப்பு கேட்டது.

அர்ச்சனா பந்தின்மேல் பாதத்தை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"தட்டுறதுக்கு இது என்ன சப்பாத்தி மாவா?" என்றேன். "அடி."

"தாத்தா..."

"அடிக்கத் தெரிஞ்சா அடி. தெரியலேன்னா பந்த ஜோ மின்கிட்ட குடுத்துட்டு உங்கப்பா குடைக்குள்ள போயி நில்லு."

அவள் முகம் மாறியது. பந்திலிருந்து பின்னால் நடந்தாள். விஸ்வநாதன் ஏதோ சொன்னார், அவள் திரும்பவில்லை. தைலம்மாள் மதிலோரத்திலிருந்து, "ஏங்க, எடது பக்கம் பாத்துக்குங்க," என்றாள். அதை நான் கேட்டேன். அவள் சொன்னது சரி. அந்தப் பெண்ணின் இடுப்பு திரும்பியதிலேயே எனக்கும் தெரிந்துவிட்டது, என் இடதுபக்கம்தான்.

அவள் ஓடிவந்து அடித்தாள். அது தட்டியது இல்லை. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், சுழலாமல், நேராகக் கம்பத்தை நோக்கி வந்தது. நான் இடதுபக்கம் பாய்ந்தேன். எழுபத்தைந்து வயதுக்காரன் பாய்வதை விழுவது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். பந்து என் சுண்டுவிரலில் பட்டது. பட்டு, கம்பத்தின் உட்புறத்தில் மோதி, வலைக்குள் போயிற்று.

வலை அசைந்து நின்றது. சேறு என் வாய்வரை இருந்தது. ஜோ மின் ஓடிவந்து, "யபாதே, அபா," என்றான். பரவாயில்லை, பெரியவரே என்று பொருள். அந்தப் பையன்களில் ஒருவன் என்னைக் கூப்பிட்ட முதல் வார்த்தை அதுதான். அவன் நீட்டிய கையை நான் பிடிக்கவில்லை. கம்பத்தைப் பிடித்து எழுந்தேன். தைலம்மாள் பாதி தூரம் வந்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள்.

நானே வலைக்குள் போய்ப் பந்தை எடுத்தேன். சேற்றோடு இரு கண்ணிலும் ஒற்றினேன். கொண்டுவந்து கேப்டன் கையில் கொடுத்தேன். வழக்கம் அதுதான்.

அர்ச்சனா கிட்டே வந்தாள். கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சிருங்க தாத்தா. நீங்க சொன்னீங்கன்னு..."

"மன்னிப்புக் கேக்குற அடியா அது? போ. ஆட்டம் ஆரம்பிக்கணும்."

இதோடு முடிந்திருந்தால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் விஸ்வநாதன் குடையை மடக்கிக்கொண்டு மைதானத்துக்குள் வந்துவிட்டார். என் சேற்றுத் தோளில் கைபோட்டு, கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"பாத்தீங்களா? பெரியவரு விட்டுக் குடுத்துட்டாரு. நம்ம வீட்டுப் பொண்ணு அடிச்சது உள்ள போகட்டும்னு விட்டாரு. பெரிய மனசு."

கூட்டம் கைதட்டியது. எதிரணிகூடக் கைதட்டியது. அவர் என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். அவர் காப்பாற்றும்படியாக நான் சேற்றில் நின்றேன். அவர் சட்டையில் ஒரு புள்ளிச் சேறு இல்லை.

நான் வாய் திறப்பதற்குள் நடுவர் விசில் ஊதிவிட்டார். அன்றைய ஆட்டத்தைக் கழகம் மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தது. ஜோ மின் இரண்டு கோல் போட்டான். ஆட்டம் முடிந்து மொய்ங்கா சாப்பிடும்போது அவனே தன் கிண்ணத்துக்கு முன்னால் எனக்கு ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். அபா என்றுதான் சொன்னான். பக்கத்துப் பெஞ்சில் அர்ச்சனா தன் அப்பாவிடம் தாழ்ந்த குரலில், ஆனால் எனக்குக் கேட்கும்படி, சொன்னாள்:

"அவரு விட்டுக் குடுக்கலப்பா. பாஞ்சாரு. வெரல்ல பட்டு போச்சு. நான் பாத்தேன்."

"சும்மா இரும்மா. அவருக்கு அதுதான் மரியாத."

"இல்லப்பா," என்றாள். அந்தப் பெண் அந்த வீட்டில் பிறந்திருக்க வேண்டியவள் இல்லை. சாப்பிட்ட கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கோப்பையைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு எரியவில்லை.

அதன் பிறகு தனசேகரன் வேலையைத் தொடங்கினார். முழங்கால் வீக்கத்தோடு படுத்திருந்தவர், எழுந்து நடக்க ஆரம்பித்ததும் வீடுவீடாகப் போய், தான் கண்ணால் பார்த்ததுபோல் சொல்லியிருக்கிறார். பந்து வருவதைக் கண்டு நான் ஒதுங்கி நின்றேனாம். கையை நீட்டி, வா என்று பந்துக்கு வழிகாட்டினேனாம். எனக்குப் பின் நிற்பதற்கு மகன்கள் இல்லாததால், முதல் பந்து உரிமையை விஸ்வநாதன் வீட்டுக்கு அந்த நேரத்தில் தாரைவார்த்துவிட்டேனாம். சேறு, தாரை வார்த்த தண்ணீராகிவிட்டது. கழகம் தொடர்ந்து ஜெயிப்பதும் அந்தப் புண்ணியத்தால்தானாம். போன கமிட்டிக் கூட்டத்தில், அடுத்த ஆண்டு கோலில் விஸ்வநாதனே நிற்பார், பெரியவர் சம்மதம்தான் ஊரறிந்ததாயிற்றே என்றும் பேசிவிட்டார். விஸ்வநாதன் மறுக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பெருந்தன்மைக்காரன் என்று சொல்லும் வதந்தி இது. என்னை நல்லவனாகக் காட்டுவதால் பேசாமல் இருந்துவிடலாம் என்று தைலம்மாள்கூடச் சொன்னாள். முடியாது. தோற்றதை ஒப்புக்கொள்வேன். அந்த அடியை என் அப்பா நின்றிருந்தாலும் பிடித்திருக்க மாட்டார். ஆனால் கொடுக்காததைக் கொடுத்தேன் என்று சொல்ல விடமாட்டேன். அடுத்த மழை முடிந்ததும் அந்தக் கோட்டில் நான்தான் நிற்பேன். அர்ச்சனாவே அடிக்கட்டும், அதே மாதிரி அடிக்கட்டும். பின்கட்டில் காலைப் பயிற்சியை மறுபடி தொடங்கிவிட்டோம்.

நான் ஒதுங்கவில்லை. விட்டுக்கொடுக்கவில்லை. யாருக்கும் எதையும் தாரைவார்க்கவில்லை. பந்தைத் தடுக்கப் பாய்ந்தேன். விரலில் பட்டது. உள்ளே போய்விட்டது.